கடவுள் இல்லை என்றவரைக் கடவுளாக்கிய ஹிஸ்டரி

ஒரே வீட்டுக்கு ஆளுக்கொரு வரலாறு சொல்லி, அத்தனை பேரையும் நம்ப வைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ஹிஸ்டரி. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும்.

1991-ல் எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. மண்ணூரைத் தாண்டி வயலுக்கு நடுவே நின்ற பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். பட்டணத்து எழுத்தாளர் ஒருவர் வாங்கி, சாகும்வரை உட்கார்ந்து எழுதிய வீடு அது. சாமி என்றாலே அவருக்கு ஆகாது. கோயில் மணி அடித்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாராம். அவர் காலத்திலிருந்தே வீட்டைப் பார்த்துக்கொண்டவர் ஹிஸ்டரி.

எப்போதாவது வாசகர்கள் வருவார்கள். காதல் ஜோடி என்றால், எழுத்தாளர் காதலில் தோற்று மொட்டை மாடியில் அழுத கதை. ஓட்டு வீட்டுக்கு ஏது மொட்டை மாடி என்று ஒருத்தரும் கேட்டதில்லை. போலீஸ்காரர் வந்தால் சுவரில் வெள்ளைக்காரன் சுட்ட ஓட்டையைக் காட்டுவார். காலண்டர் மாட்ட நான் ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டை அது. ஏன் இப்படிப் புளுகுகிறீர்கள் என்று கேட்டேன்.

"வெயில்ல அம்மாந்தூரம் நடந்து வராங்க சார். சும்மா அனுப்ப மனசு வருமா?" என்றார்.

அப்போதுதான் எழுத்தாளரின் மகன் வீட்டை ஒரு கம்பெனிக்கு விற்க முடிவு செய்தார். இடித்துவிட்டு குடோன் கட்டப் போகிறார்களாம். ஹிஸ்டரிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், எழுத்தாளர் எழுதிய அறை வாசலில் ஒரு கல். மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம். எங்கள் பக்கத்தில் கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டால் அப்புறம் அதை அசைக்க எவனுக்கும் கை வராது.

இது எந்தச் சாமி என்றேன்.

"நம்ம ஐயாதான் சார். எழுத்தாண்டவரு."

"அவருக்குத்தான் சாமியே கிடையாதே."

"அவரு கும்புட வாணாம் சார். நாமதான கும்புடறோம். அதுக்கு அவரு இன்னா பண்ண முடியும்?"

எழுத்தாண்டவர் புகழ் பிய்த்துக்கொண்டு போனது. பரீட்சை எழுதும் பிள்ளைகள் பேனாவை வைத்து எடுத்தார்கள். வேலை நிரந்தரமாக வேண்டும் என்று தொழிலாளிகள் ஷிப்ட் முடிந்து நேரே வந்து விழுந்தார்கள். வீட்டை இடிக்க வந்த புல்டோசர் டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு விபூதி கேட்டார். கூட வந்த கம்பெனி அதிகாரி தேங்காய் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பக்கத்து வயலை விலை பேசப் போய்விட்டார்.

வீடு பிழைத்தது. மாட்டிக்கொண்டது ஹிஸ்டரிதான். பூசாரி கவிச்சி தொடக்கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். கருவாடு இல்லாமல் ஒரு வாய் இறங்காத மனிதர், பருப்புச் சோற்றை முறைத்துக்கொண்டே தின்றார். ஊரை ஏமாற்றியதற்கு நல்ல தண்டனை என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம், கூட்டமெல்லாம் போன பிறகு, கல்லுக்கு எதிரே குந்திக்கொண்டு அவர் தணிந்த குரலில் பேசுவது பின்கட்டில் கேட்டது.

"கோச்சிக்காதீங்க ஐயா. வூட்டக் காப்பாத்த எனக்கு வேற வழி தெர்ல. நீங்க ஒண்ணியும் நம்ப வாணாம். உங்க வூட்ல நீங்க பாட்டுக்கு குந்திகினு இருங்க, அது போதும்."

சொல்லிவிட்டு, எழுந்து போய் ஊர்க் கோயில் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். அந்த மனுஷன்மேல் அன்றைக்கு எனக்கு வந்த பிரியம் இன்னும் போகவில்லை.