போர்டு வாத்தியார் சொன்னால் சரி

"எந்த மடையன் இதை வாங்கச் சொன்னான்?"

சாப்பாட்டு மேசையில் மைத்துனன் பரப்பி வைத்திருந்த அட்டைப் பெட்டிகளில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி மருந்துக்கடைக்காரர் கேட்ட கேள்வி இது. பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் இன்னும் படிக்கவில்லை. படிக்கிற கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

"போர்டு வாத்தியார்னு ஒருத்தர், அத்தான்," என்றான் மைத்துனன். "ஆன்லைன்ல ஒரு குரூப் இருக்கு. முதல் தடவையா பாகம் பாகமா வாங்கி கேம் கம்ப்யூட்டர் மாட்டுறவங்க எல்லாரும் அங்கதான் போய்க் கேக்கறாங்க. மதர்போர்டு விஷயத்துல அவர் சொன்னா மறுபேச்சே கிடையாதாம்."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பெட்டியைப் படித்தார். மறுபடியும் ஒரு தடவை படித்தார்.

போர்டு வாத்தியார் வேறு யாருமில்லை, அவரேதான்.

இந்த விஷயம் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை. கடையில் ஆள் வராத மத்தியானங்களில், இருமல் மருந்துக்கும் கட்டுத்துணிக்கும் நடுவில் உட்கார்ந்து போனில் மேய ஆரம்பித்தவர், கொஞ்ச நாளில் அந்தக் குரூப்பில் பெரிய ஆளாகிவிட்டார். சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. யார் வந்து கேட்டாலும், "முதலில் பட்ஜெட்டைச் சொல்லுங்கள், ஆசையை அப்புறம் சொல்லலாம்" என்று ஆரம்பித்து, இன்ன பிராசஸருக்கு இன்ன மதர்போர்டு என்று எழுதிக் கொடுத்துவிடுவார். எத்தனையோ பேர் அதன்படி மாட்டி, எரிகிற விளக்குகளோடு படம் எடுத்துப் போட்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள். வாத்தியார் மட்டும் இன்றுவரை ஒரு கம்ப்யூட்டரையும் தொட்டு மாட்டியதில்லை. அவரிடம் இருப்பதெல்லாம் மூலை உடைந்த ஒரு போன். வீட்டில் அதை நோண்டிக்கொண்டிருக்கும்போது மனைவி என்ன என்று கேட்டால், மருந்து ஸ்டாக் பார்ப்பதாகச் சொல்வார்.

போன மாதம் 'புதுமுகம்' என்ற பெயரில் ஒருத்தர் வந்து, "சார், நீங்களாக இருந்தால் எதை வாங்குவீர்கள்?" என்று தனியாகக் கேட்டிருந்தார். அப்படி அவரை இதுவரை யாரும் கேட்டதில்லை. வாத்தியார் மனம் குளிர்ந்து, சாப்பாட்டை மறந்து, ஒவ்வொன்றாக அலசி, கடைசியில் ஒரு சின்ன போர்டின் பெயரை எழுதி, "எனக்கே வாங்குவதாக இருந்தாலும் இதைத்தான் வாங்குவேன்" என்று முடித்திருந்தார். அந்தப் போர்டுதான் இப்போது அவர் கையில் இருந்தது.

மடையன் என்று சொன்னதற்கும் போர்டுக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் ஒரு மனிதன் குத்துக்கல்லாட்டம் இருக்க, டிரைவிங் ஸ்கூலில் கியர் போடக் கற்றுக்கொடுக்கும் இந்தப் பயல் தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிட்டு, "எங்க வீட்டுல இடமில்ல அத்தான், உங்க மேசையில வெச்சு மாட்டிக்கலாமா" என்று மட்டும் கேட்டால் யாருக்குத்தான் எரியாது. அந்த எரிச்சலில் வந்த வார்த்தை. வந்தது வந்ததுதான், இனி விழுங்க முடியாது.

சமையலறையிலிருந்து மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"உங்களுக்கு நிஜமாவே பிடிக்கலையா?"

"எனக்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன? உன் தம்பி கம்ப்யூட்டர். ஆனா கண்ணு முன்னால ஒருத்தன் ஏமாந்து நிக்கறதப் பாத்துட்டு வாய மூடிட்டு இருக்க முடியுமா?"

மனைவியின் முகம் விழுந்துவிட்டது. தம்பியைச் சொன்னால் இவளுக்குத் தாங்காது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் சோபாவில் இருந்த மாமியார். "பேசாம மாப்ளகிட்டயே நேரா—"

"அம்மா, நீ டிவியப் பாரு," என்றாள் மனைவி.

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "எதுக்கும் வாத்தியாரையே ஒரு வார்த்த கேட்டுர்றேன்," என்று போனை எடுத்துத் தட்டினான்.

மருந்துக்கடைக்காரரின் சட்டைப் பை உறுமியது.

"இதோ வந்துட்டேன்," என்று அவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து போனைத் திறந்தார். புதுமுகம் எழுதியிருந்தார்: "சார், வீட்டில் ஒருவர் இந்தப் போர்டு வேண்டாம் என்கிறார். மாற்றிவிடவா?"

போர்டு நல்ல போர்டு என்று எழுதினால் வெளியே போய் நிற்கப் போகிற அத்தான் முகத்தில் கரி. மோசமான போர்டு என்று எழுதினால் வாத்தியார் முகத்தில் கரி. இரண்டும் அவர் முகம்தான். கொஞ்ச நேரம் யோசித்ததில், இரண்டு முகத்தையும் ஒரே துண்டால் துடைக்க ஒரு வழி கிடைத்தது. எழுதி அனுப்பிவிட்டு, யாருக்காவது சந்தேகம் வருமோ என்று தண்ணீரைத் திறந்து மூடிவிட்டு வெளியே வந்தார்.

மைத்துனன் உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். "'போர்டு நல்ல போர்டுதான். ஆனாலும் உங்கள் வீட்டில் இருப்பவர் மிகவும் விவரமானவர் போலத் தெரிகிறது. நேரில் பார்த்தவர் சொல்வதே சரி. அவர் பேச்சைத் தட்ட வேண்டாம்.'"

"அப்படியா சொல்றாரு?" என்றார் மருந்துக்கடைக்காரர். "பரவால்ல, ஆளு நியாயஸ்தன்தான்."

மைத்துனனுக்கு இருமல் வந்துவிட்டது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமியார் மட்டும் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப மாத்திருவோம்," என்றாள் மனைவி, சுரத்தில்லாமல். "உங்களுக்கு எது திருப்தியோ, அதையே பாத்து எடுங்க."

கம்ப்யூட்டர் கடையில் மருந்துக்கடைக்காரர் முதல் தடவையாக மதர்போர்டுகளை நேரில் பார்த்தார். எழுதுகிறபோது இருக்கிற நிதானம் பார்க்கிறபோது இருப்பதில்லை. சின்ன போர்டை மடையன் போர்டு என்று சொல்லியாகிவிட்டதால் அதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கியே தீர வேண்டும். சுவர்ப் பக்கம், விளிம்பெல்லாம் விளக்கு வைத்த போர்டு ஒன்று இருந்தது.

"இது புது மாடல் சார்," என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர். "உங்ககிட்ட இருக்கிற ராம் எதுன்னு—"

"எனக்குத் தெரியும்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

தெரியும்தான். இந்த மாதிரி போர்டில் பழைய வகை ராம் உட்காராது என்று அவர் குரூப்பில் தொண்டை கிழியச் சொன்னவர். அதெல்லாம் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குச் சொன்னது. வீட்டுக்கு வந்து ராம் என்கிற அந்தப் பச்சைத் தகட்டை எடுத்துச் செருகப் பார்த்தபோதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. கூடவே மைத்துனனும் மனைவியும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"கொஞ்சம் அழுத்துங்க அத்தான்."

"அழுத்தினா உடையும்."

"அப்ப திருப்பிப் போட்டுப் பாருங்க."

"திருப்பினாலும் போகாது."

"வாத்தியாரக் கேக்கவா?"

சட்டைப் பை உறுமியது. அவர் குளியலறைக்கு எழுந்தார்.

"மாப்ளைக்கு வயிறு சரியில்லையா?" என்று பின்னால் மாமியார் குரல் கேட்டது.

ராமையும் மாற்றச் சொல்லி வாத்தியார் பதில் வந்தது. புது வகை ராம் விலை கூட. பட்ஜெட்டோ ஒரே பட்ஜெட், இழுத்தால் நீளாது. அதனால் பெரிய டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுச் சின்ன டிஸ்க் வாங்கிச் சரிக்கட்டினார்கள். "உங்களுக்கு இது பரவால்லயா?" என்று மனைவி கடையில் நின்று கேட்டாள். எதற்கெடுத்தாலும் தன்னைக் கேட்கிறாளே என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வம்பு கேபினெட்டில் வந்தது. சின்ன போர்டுக்கென்று வாங்கிய சின்னப் பெட்டி. பெரிய போர்டைக் குறுக்கே வைத்தார்கள், சாய்த்து வைத்தார்கள், மைத்துனன் ஒரு பக்கம் பிடிக்க இவர் ஒரு பக்கம் தள்ளினார். பஸ்ஸில் கடைசி ஆளை ஏற்றுகிற கதையாக இருந்தது.

"ஓரமா ஒரு துண்டு வெட்டி விட்டா ஆகாதா?" என்று மாமியார் கேட்டார்.

எதை வெட்டச் சொல்கிறார், பெட்டியையா போர்டையா என்று கேட்க மருந்துக்கடைக்காரர் வாயெடுத்து, கேட்காமல் நிறுத்திக்கொண்டார். தாகமாக இருந்தது. குளிர்ந்த தண்ணீர் எடுக்கலாம் என்று ஃப்ரிட்ஜ் பக்கம் போனார். மனைவி குறுக்கே வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்ன வேணும்? நான் எடுத்துத் தர்றேன். நீங்க போய் உக்காருங்க."

கோபம் தலைக்கேறிவிட்டது போல, ஃப்ரிட்ஜைக்கூடத் தொட விடமாட்டேன் என்கிறாள் என்று அவர் ஒடுங்கிப் போனார். இதற்கு மேல் எப்படிப் பின்வாங்குவது? மறுபடியும் பை உறுமியது. மறுபடியும் குளியலறை.

"அது எப்படி மாப்ள," என்று மாமியார் ஆரம்பித்தார், "நீங்க ஒவ்வொரு தடவ உள்ள போறப்பவும் அந்த வாத்தியாரு—"

"அம்மா," என்றார்கள் அக்காளும் தம்பியும் ஒரே குரலில்.

பெரிய பெட்டி வாங்க வேண்டும் என்றது வாத்தியாரின் பதில். வாங்கினார்கள். அதற்கு ஈடாகக் கொடுக்க மேசையில் மிச்சமிருந்தது ஒன்றுதான், கிராஃபிக்ஸ் கார்டு.

"அது இல்லாம கேம் ஓடுமா அத்தான்?"

"இப்போதைக்கு ஓடாது. ஆனா கம்ப்யூட்டர் ஓடும்ல. கார்டு அப்புறம் பாத்துக்கலாம். அஸ்திவாரம் முக்கியம்."

"அப்ப விளையாட முடியாது," என்றாள் மனைவி. அதை அவள் தம்பியைப் பார்த்துச் சொல்லாமல் அவரைப் பார்த்துச் சொன்னது அவருக்கு விசித்திரமாகப் பட்டது.

சாயங்காலம் எல்லாம் உட்கார்ந்தது. போர்டு பெட்டிக்குள் கச்சிதமாகப் பொருந்தியது, ராம் டக்கென்று இறங்கியது, கடைசித் திருகை மருந்துக்கடைக்காரரே முடுக்கினார். இவ்வளவு கூத்துக்கு நடுவிலும் அந்தத் திருகு இறுகி நின்றபோது அவருக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை நாள் எழுதியது எல்லாம் இந்த வேலையைத்தானா என்று விரல்களைப் பார்த்துக்கொண்டார். மைத்துனன் கொண்டு வந்திருந்த திரையின் ஒயரைச் செருகியதும் பட்டனை அழுத்தினார்.

சிவப்பு எரிந்தது. பச்சை எரிந்தது. நீலம் சுற்றிச் சுற்றி ஓடியது. மாமியார் டிவியை விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

திரை மட்டும் கறுப்பாக இருந்தது.

மைத்துனன் ஒயரை அசைத்தான். மனைவி சுவர் சுவிட்சைப் பார்த்தாள், போட்டுத்தான் இருந்தது. மருந்துக்கடைக்காரர் எதையும் அசைக்கவில்லை. இந்தப் பிராசஸருக்குத் தனியாக கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் திரையில் ஒரு புள்ளிகூட வராது என்பது வாத்தியாரின் முதல் பாடம். குரூப்பில் எப்போதும் மேலே தெரிகிற மாதிரி அதை எழுதி ஒட்டி வைத்தவரே அவர்தான். எழுதியவர் கையாலேயே கார்டைக் கடையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"வாத்தியாரக் கேக்கறேன்," என்று மைத்துனன் போனை எடுத்தான்.

"வேணாம் மச்சான்," என்றார் அவர். குளியலறைப் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேக்காத. அந்த வாத்தியாரு நான்தான்."

மைத்துனன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். நம்பவில்லை போலிருக்கிறது என்று அவர் போனை எடுத்து மேசையில் வைத்துக் காட்டினார். அதற்கும் யாரும் அசரவில்லை.

"நீ வாங்கிட்டு வந்தது அருமையான போர்டு. என்னைக் கேக்காம வாங்கிட்டியேங்கற எரிச்சல்ல வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். சொன்னதக் காப்பாத்த ஒவ்வொண்ணா மாத்தி, கடைசியில கேமும் இல்ல, படமும் இல்ல. எனக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் வாங்கற யோகம் இருந்தா, சத்தியமா அந்த போர்டத்தான் வாங்கியிருப்பேன்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உன் கம்ப்யூட்டரக் கெடுத்துட்டேன் மச்சான். மன்னிச்சுக்க."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா ஃப்ரிட்ஜைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். இந்தத் தடவை டிவியைப் பார்க்கச் சொல்லவில்லை.

மாமியார் டிவியை அணைத்துவிட்டு எழுந்து வந்து, கலர் கலராக எரிந்துகொண்டிருந்த பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"அவன் கம்ப்யூட்டர் எங்க மாப்ள கெட்டுது? நாளைக்கு உங்க பொறந்த நாளுக்குக் குடுக்கணும்னு, உங்களுக்கு எது புடிக்கும்னு உங்ககிட்டயே கேட்டுத்தான அந்த போர்ட வாங்கினோம்?"