சுருளா, முட்டையா?

"சுருள் கேலக்ஸிக்கு ரேடியோ தாரை கிடையாது. முதல் வருஷமே படிச்சிருப்பியே?" என்றார் ஆராய்ச்சி வழிகாட்டியான ராஜ்வாடே சர்.

மேதா படத்தை அவர் பக்கம் திருப்பினாள். நடுவில் ஒரு சுருள் கேலக்ஸி. அதன் மையத்திலிருந்து இருபுறமும் ரேடியோ தாரைகள் பீய்ச்சியடித்து, நுனியில் பெரிய பெரிய மடல்களாக ஊதியிருந்தன. அப்படிப் பீய்ச்சுவது முட்டை வடிவக் கேலக்ஸிகளின் வேலை என்பது அந்தத் துறையில் வேதவாக்கு. மேதாவின் ஆராய்ச்சிக் காலமோ இந்த மாதத்தோடு முடிகிறது. சர் சம்மதித்தால்தான் கட்டுரை வெளியே போகும். போனால்தான் அடுத்த வேலை.

"நம்ம ஆன்டெனா இருக்கிற நாராயண்காவ்ல எவனோ பழுதான மோட்டாரை ஓட்டியிருப்பான். அந்த இரைச்சலைப் பிடிச்சிட்டு வந்திருக்கே."

மேதா ஆன்டெனாக்களைச் சுற்றியிருந்த திராட்சைத் தோட்டங்களில் ஏறி இறங்கினாள். கெஞ்சிக் கூத்தாடி பம்ப்செட்டுகளை நிறுத்த வைத்து, மறுபடி பதிவு செய்தாள். இரைச்சல் போனதும் தாரைகள் இன்னும் நீளமாகத் தெரிந்தன. சரின் முகம் இன்னும் சுருங்கியது.

"அப்போ பின்னாடி ஒரு முட்டை ஒளிஞ்சிருக்கும்."

பெரிய தொலைநோக்கியில் நேரம் வாங்கிப் பார்த்தாள். பின்னால் ஒன்றுமே இல்லை. அதற்குள் சர் கேலக்ஸிகளின் பழைய அட்டவணையைப் பிரித்துவிட்டார். அவளுடைய கேலக்ஸிக்கு நேராக 'முட்டை' என்று இருந்தது.

"பாரு! இது சுருளே இல்லையாம்."

"சுருளோட கை தெரியுதே சர், கண்ணால பாருங்க!"

"நாப்பது வருஷமா உலகமே நம்புற அட்டவணை. அதை விட்டுட்டு உன் கண்ணை நம்பணுமா?"

ரோஷம் வந்து, படத்தைக் கேன்டீனில் ஒட்டி வாக்கெடுப்பு வைத்தாள் மேதா. விஞ்ஞானிகள் அல்லவா, ஒவ்வொருவரும் போய் அட்டவணையைப் பார்த்துவிட்டு வந்துதான் படத்தைப் பார்த்தார்கள். முட்டைக்குப் பதினெட்டு, சுருளுக்கு மூன்று. அந்த மூன்றில் ஒன்று மிசல் பரிமாறும் ஸோபான் போட்டது. முடிவைச் சர் தன் அறைக் கதவிலேயே ஒட்டிக்கொண்டார்.

அன்று மத்தியானம் மேதா அழுதேவிட்டாள். கட்டுரை கைவிட்டுப் போனதுகூடப் பெரிதில்லை, தன் கண் மீதே சந்தேகம் வந்துவிட்டது. கடைசி முயற்சியாக, அந்த அட்டவணையைத் தொகுத்த குமுதினி ஆப்டே கோலாப்பூரில் இருப்பதாக விசாரித்து, சரின் மேஜையிலிருந்தே போன் போட்டாள். சரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை ஆன் செய்தாள்.

கேலக்ஸியின் அட்டவணை எண்ணைச் சொன்னதும் மறுமுனையில் பழைய நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஆமாம்மா, சுருள்தான். கை ரெண்டும் பளிச்சுன்னு தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்கேன்."

சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம் ஏன் மேடம் அட்டவணையில முட்டைன்னு போட்டீங்க?"

"அந்தக் கேலக்ஸிக்குத்தான் தாரை இருந்துதேம்மா! சுருளுக்குத் தாரை வராதுன்னு எங்க காலத்துலயும் சொல்லிக் குடுத்திருந்தாங்க. நம்ம கண்ணுதான் கோளாறுன்னு முட்டைன்னு திருத்திட்டேன். உன்னோடது மட்டுமா, இந்த நோட்டுல இன்னும் நாப்பத்தொண்ணு அப்படித் திருத்தினதுதான்."