கேட்காமல் வந்த பேப்பர்

"உங்க வாடிக்கையாளர் எண் சொல்லுங்க மேடம்."

"எண்ணே கிடையாதும்மா. நான் பேப்பர் கேக்கவே இல்லை. கேக்காமலே தினமும் வந்து விழுது. அதை நிறுத்தணும்."

"நிறுத்தறதுக்குத்தான் மேடம் எண் கேக்கறேன்."

அவள் தான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், எக்ஸ்ரே அறையின் வெளிச்சுவரில் சாய்ந்து நின்றாள். இருபது நிமிடச் சாப்பாட்டு நேரத்தில் பதினோரு நிமிடம் காத்திருப்பு இசையிலேயே கரைந்துவிட்டது. டப்பா இன்னும் திறக்கவில்லை.

"விலாசம் சொல்றேன், பாருங்களேன்."

சொன்னாள். மறுமுனையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"உங்க பேர்ல எந்தச் சந்தாவும் இல்லையே மேடம்."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"இல்லாததை எப்படி மேடம் ரத்து பண்றது?"

கேள்வியில் நியாயம் இருப்பதுபோல்தான் அவளுக்குப் பட்டது. இதற்குமுன் குடியிருந்தவர் யாராவது கேட்டிருப்பாரோ என்று யோசித்தாள். அதற்குள் அந்தப் பெண்ணே வழி சொன்னாள்.

"ஒண்ணு பண்ணலாம். நம்ம ஒரு மாத இலவசத் திட்டத்துல சேந்துடுங்க. உடனே எண் வந்துடும். எண் வந்துட்டா ரத்து பண்றது ஒரு நிமிஷ வேலை."

மாத்திரை வேண்டுமென்றால் முதலில் காய்ச்சலை வரவழைத்துக்கொள் என்பதுபோல இருந்தது. ஆனால் அந்தக் குரல் அவ்வளவு நிச்சயமாக இருந்தது. தான் குழம்பி நிற்கும்போது எதிரில் யாராவது உறுதியாகப் பேசினால் அப்படியே நம்பிவிடுவது அவளுடைய நாற்பத்துநான்கு வருடப் பழக்கம். சேர்ந்தாள். எண் வந்தது. அந்த எண்ணைச் சொல்லி உடனே ரத்து செய்யக் கேட்டாள்.

"பண்ணியாச்சு மேடம். ஆனா ரத்து நடைமுறைக்கு வர பதினாலு நாள் ஆகும்."

மறுநாள் காலை வாசலில் இரண்டு பேப்பர் கிடந்தது.

அவள் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஒரு சின்னக் கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள் தெரிகிற ஒரு ஜன்னல். இருபது வருடக் கல்யாணம் இரண்டு கையெழுத்தில் முடிந்தபோது, அண்ணன் தன் வீட்டு மாடி அறையைச் சுத்தம் செய்து திரைச்சீலைகூட மாட்டிவிட்டார். அவளோ, தனியாக இருந்து பார்க்கிறேன் என்றாள். அவள் வாயிலிருந்து அப்படியொரு வாக்கியம் வந்ததில் அவளைவிட அதிகம் அதிர்ந்தது அண்ணன்தான்.

"மூணு மாசம். ஆனா அண்ணா, தினமும் போன் பண்ணி எழுந்தியா, சாப்பிட்டியான்னு கேக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை மட்டும்."

"சத்தியமா கேக்கமாட்டேன் பாப்பா" என்றார். அண்ணனுக்கு அவள் இன்னமும் பாப்பாதான். தலை நரைத்த பாப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேப்பர் விஷயத்தை அவரிடம் சொன்னாள். எதிர்முனையில் ஒரு இருமல் கேட்டது.

"பேப்பர்தானே, வந்துட்டுப் போகட்டும். காலையில எழுந்ததும் எடுத்து உள்ள வெச்சுக்கோ. நாலு விஷயம் தெரிஞ்சுக்கலாம்."

"எனக்கு வேண்டாம்ணா."

"வேண்டாம்னா விட்டுடுவாங்களா? கம்பளிப்பூச்சி மாதிரி அதெல்லாம். உன்னால நிறுத்த முடியாது."

அதுவரை அது வெறும் பேப்பராகத்தான் இருந்தது. 'உன்னால முடியாது' என்றதும் அவளுக்குள் எங்கோ ஒரு நாற்காலி கீழே சாய்ந்தது. வாழ்க்கையில் அவள் கேட்டு வந்தது என்று என்ன இருக்கிறது? படிப்பு அப்பா கேட்டது. கணவன் அத்தை கேட்டது. இப்போது தனக்கென்று ஒரு வாசல் வந்தபிறகும் அதில் யாரோ எதையோ போட்டுவிட்டுப் போகிறார்கள்.

"நிறுத்திக் காட்டறேன்" என்றாள். "நிறுத்திட்டேன்னா மாடி அறைப் பேச்சை நீ எடுக்கவே கூடாது."

"நிறுத்தலைன்னா?"

"வந்துடறேன்."

"சரி" என்றார் அண்ணன். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டதுபோல் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பேப்பர் போடும் அம்மாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

"இனிமே போடாதீங்க. எனக்கு வேண்டாம்."

"லிஸ்ட்டுல வீட்டு நம்பர் இருந்தா போடுவேன்மா. நான் போடறவ. நிறுத்தறவ இல்லை."

"யார் கேட்டதுன்னு லிஸ்ட்டுல போட்டிருக்கா?"

அந்த அம்மாள் காதைச் சொறிந்துகொண்டு படிக்கட்டைப் பார்த்தாள். "அதெல்லாம் எனக்கு எதுக்கும்மா? நீங்க நல்லா இருக்கீங்கல்ல? அது போதும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேப்பரையும் அவள் கையிலேயே திணித்துவிட்டு இறங்கினாள்.

அடுத்த போன் கம்பெனியிலிருந்தே வந்தது. விலகிப்போகிறவர்களுடன் பேசுவதற்கென்றே அங்கே தனிப் பிரிவு இருந்தது. பேசிய ஆள் துக்கம் விசாரிக்க வந்தவர்போல் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க மேல என்ன வருத்தம் மேடம்?"

"ஐயோ, வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

"போன வாரம்தான் சேந்தீங்க. சேந்த அன்னிக்கே போறேன்னுட்டீங்க. நாங்க என்ன தப்பு பண்ணினோம்?"

அவளுக்கு உண்மையிலேயே குற்ற உணர்வாகிவிட்டது. கல்யாணத்தை முறித்தபோதுகூட யாரும் அவளை இவ்வளவு மென்மையாகக் கேட்டதில்லை.

"நீங்க இருக்கணும்னு எங்களுக்கு ஆசை மேடம். அதனால விளையாட்டுப் பேப்பர் ஒண்ணும், பெண்கள் வார இதழும் சேத்து அனுப்பறோம். எல்லாமே இலவசம். வேண்டாம்னா இப்பவே சொல்லிடலாம். பதில் வரலைன்னா ஏத்துக்கிட்டதா எடுத்துப்போம்."

அவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்று அவள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று வார்த்தை அடுக்கியதும் 'மிக்க நன்றி மேடம்' என்று தொடர்பு துண்டிக்கப்பட்டது. மௌனம் சம்மதம். இருபத்துநான்கு வயதிலும் இதேதான் நடந்தது. அப்போதும் அவள் வார்த்தைகளைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துவிட்டார்கள்.

அந்த வார முடிவில் வாசலில் நான்கு உருப்படி கிடந்தது. அதில் ஒன்று முழுக்கப் பந்துகள். அவள் வாழ்நாளில் எந்தப் பந்தையும் துரத்தியவள் இல்லை.

மருத்துவமனையில் ஒரு நர்ஸ்தான் நுகர்வோர் உதவி மையத்தைப் பற்றிச் சொன்னாள். "போய்க் கேளுங்கக்கா. நமக்கும் உரிமைன்னு ஒண்ணு இருக்கு."

மையம் என்றால் ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு அலுவலர். நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் சுட்டிக் காட்டினாள். அதை இறக்கிவிட்டுக்கொண்டு கதை முழுவதையும் கேட்டார்.

"வந்து விழற பேப்பரை என்ன பண்றீங்க?"

"எடுத்து உள்ள வைப்பேன் சார்."

"படிப்பீங்களா?"

"படிக்கறதில்லை. குறுக்கெழுத்து மட்டும் எப்பவாவது..."

பேனாவை மேஜையில் போட்டார். "குறுக்கெழுத்தை நிரப்பினீங்களா?"

"பாதிதான் சார். மீதி தெரியலை."

"பாதிப் பயன்பாடு" என்று எழுதிக்கொண்டார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். "கேக்காம வந்த பொருளுக்கு நீங்க பொறுப்பு இல்லை. திருப்பி அனுப்பணும்னுகூட அவசியம் இல்லை. நீங்க பேசாம இருந்ததைச் சம்மதம்னு அவங்க சொல்லவும் முடியாது. ஆனா எடுத்துப் பயன்படுத்தினா, ஏத்துக்கிட்டாங்கன்னு வாதாட இடம் குடுத்த மாதிரி ஆகும். அதனால, இனிமே தொடாதீங்க. அப்படியே கிடக்கட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம், எல்லாம் எழுத்துல. பதிவுத் தபால், நகல், தேதி. போன் வந்தா எடுக்காதீங்க."

"யாராவது வந்து கதவைத் தட்டினா?"

"உங்க வீடு. உங்க கதவு. திறக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லை."

பேசாம இருந்தது சம்மதம் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். இதை ஒருவர் இருபது வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

கடிதம் எழுத ஏழு தாள் செலவாயிற்று. முதல் ஆறும் 'மன்னிக்கவும்' என்று ஆரம்பித்தன. ஏழாவது தாளில் 'எனக்கு வேண்டாம்' என்பதுதான் முதல் வரி. தபாலில் சேர்த்துவிட்டு, நகலை ஒரு நீலக் கோப்பில் வைத்தாள்.

வியாழக்கிழமை பேப்பர்கள் விழுந்தன. அவள் தொடவில்லை. தூங்குகிற நாயைத் தாண்டுவதுபோல் தாண்டி வேலைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை குவியல் இன்னும் உயர்ந்தது. அன்று மட்டும் கம்பெனியிலிருந்து ஆறு அழைப்பு. போனை அணைத்து அலமாரியில் போட்டாள்.

சனிக்கிழமை அதிகாலை கதவு தட்டப்பட்டது.

"அம்மா! அம்மோவ்! உள்ள இருக்கீங்களா? பேப்பர் எடுக்கலியே!"

கதவுத் துளையில் பேப்பர் போடும் அம்மாளின் மூக்கு பூதாகாரமாகத் தெரிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். 'மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க' என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறவள், தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அன்றுதான். எத்தனை அக்கறையாகக் கூப்பிடுகிறாள்! என்ன தந்திரம்! பேப்பரை எடுக்க வைக்கக் கம்பெனிக்காரர்கள் எந்த அளவுக்கும் இறங்குவார்கள்போல.

ஆனாலும் அந்தக் குரல் அவளை இளக்கியது. இன்னொரு தடவை கூப்பிட்டால் திறந்துவிடுவோம் என்று அவளுக்கே தெரிந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, நீலக் கோப்பை மடியில் வைத்துச் சமையலறையில் உட்கார்ந்தாள்.

ஏழு மணி வாக்கில் தரை அதிர்ந்தது. பஞ்சையும் மீறி 'தொம் தொம்' என்று சத்தம். ஒருவர் இல்லை, பலர். ஆள் சேர்த்துக்கொண்டே வந்துவிட்டார்கள்! ஆனால் அவள் எழுந்து ஓடவில்லை. உங்க வீடு, உங்க கதவு. கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

பூட்டு தெறித்து விழுந்தது. கதவு திறந்தது.

"கேட்காமல் அனுப்பப்படும் பொருளுக்கு நுகர்வோர் பொறுப்பாக மாட்டார்!" என்று கண்ணை மூடிக்கொண்டு உரக்க ஒப்பித்தாள்.

கண்ணைத் திறந்தாள். கையில் உளியோடு பூட்டுக்காரர். அவருக்குப் பின்னால் கட்டடக் காவலாளி. வாயைப் பொத்திக்கொண்டு பேப்பர் போடும் அம்மாள். இவர்களுக்கு முன்னால், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முகம் வெளுத்துப்போய் அண்ணன்.

அவள் காதிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

"அண்ணா? நீ எங்க இங்க?"

அண்ணன் பேப்பர் குவியல்மேலேயே தொப்பென்று உட்கார்ந்தார்.

"போனை ஏன் அணைச்சு வெச்சிருக்க? கதவை ஏன் திறக்கலை? நான் என்னென்னமோ நினைச்சு..."

"பேப்பரை நிறுத்திட்டிருந்தேன்."

அண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. எழுந்து, தான் உட்கார்ந்திருந்த குவியலைக் காட்டினார். "இதுவா நிறுத்தினது? ஒண்ணா இருந்ததை நாலாக்கி வெச்சிருக்க. கடைசில கதவுப் பூட்டும் போச்சு. ஒரு பேப்பரை நிறுத்த முடியாத நீ தனியா எப்படி பாப்பா இருப்ப? சொன்ன சொல் சொன்னதுதான். பெட்டியை எடு."

அவளுக்கு எதுவுமே பிடிபடவில்லை. எல்லாம் சட்டப்படிதான் செய்தாள். எந்த இடத்தில் தவறினாள்? ஆனால் அண்ணன் உறுதியான குரலில் பேசினார். அவள் கால்கள் தாமாகவே கட்டிலடியில் இருந்த பெட்டியை நோக்கித் திரும்பின.

பேப்பர் போடும் அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

"அவங்க எப்படிங்கய்யா நிறுத்த முடியும்? காலையில எழுந்து எடுக்கறாங்களான்னு பாரு, ரெண்டு நாள் எடுக்காம கிடந்தா எனக்குப் போன் போடுன்னு சொல்லி, உங்க பேர்ல நீங்கதானே இந்தப் பேப்பரையே போடச் சொன்னீங்க!"