கையெடு அண்ணனும் நான் சேர்த்து வைத்த தாய்மாமன்களும்

மதுரையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். கம்ப்யூட்டரைத் தொடாமலே ரிப்பேர் பார்த்தவர் ஒருவர்தான். அவர் பெயரைக் கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. கடைக்குள் நுழைந்ததும் மௌஸைப் பிடித்திருப்பவரைப் பார்த்து “கையெடுங்க” என்பார். அதனால் கையெடு அண்ணன். அவரை எனக்கு ஆகவே ஆகாது. பெரிய காரணம் ஒன்றுமில்லை, பொறாமைதான்.

டி. கல்லுப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். தோள்பையில் ஒரு குடை, ஒரு துண்டு, அன்றைய பேப்பர். ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட இருக்காது. நாற்காலியை இழுத்துப் போட்டு, கன்னத்தில் கை வைத்து, கேபினட்டில் இருக்கும் குட்டி சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் வேலை செய்தால் அது மினுக்கும். நாம் எதையும் தொடாதபோதும் அது விடாமல் மினுக்கினால் உள்ளே வேறு எவனோ வேலை பார்க்கிறான், அவனைப் பிடித்தால் போதும் என்பது அவர் கட்சி. விளக்கு மினுக்குகிற நேரத்தையெல்லாம் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்வார். ஒரு ஜவுளிக்கடையில் இவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து ஃபேனை அணைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது அதே இடத்தில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்து, இரண்டாவது டிக்கெட்டில் எழுதிக்கொண்டிருந்தாராம்.

கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனி. அங்கே பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் கம்ப்யூட்டர் ஆமையாகிவிடும். ஆனால் பகலில் மட்டும்தான் அப்படி, அந்தப் பகலிலும் சாப்பாட்டு நேரத்தில் நன்றாக ஓடும். பலபேர் பார்த்துக் கைவிட்ட கேஸ். இவர் போய் அரைநாள் உட்கார்ந்துவிட்டு, கேபினட்டைத் தரையிலிருந்து தூக்கி அவர்கள் கம்பெனி ரப்பர் துண்டு நாலைக் கீழே வைக்கச் சொன்னார். பக்கத்து அறை மெஷின் ஓடுகிற அதிர்வில் டிஸ்க்கால் ஒழுங்காக எழுத முடியவில்லையாம். அன்றோடு சரியாகிவிட்டது. இந்தக் கதையை என்னிடம் சொன்னவர்களிடமெல்லாம், குருட்டு அதிர்ஷ்டம் என்று சொன்னேன். வீட்டுக்குப் போய், இது நமக்கு ஏன் தோன்றவில்லை என்று சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நான் அப்போது பழங்காநத்தத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர். கம்ப்யூட்டர் சம்பந்தமாக அங்கே நான் வைத்ததுதான் சட்டம். எங்கள் ஊர்ப் பக்கம் காதுகுத்து என்றால் குழந்தை படம் ஓரமாக இருக்கும், தாய்மாமன்கள் படம்தான் வானத்துக்கும் பூமிக்கும் நிற்கும். ஒரு மாமன் தலை இன்னொரு மாமன் தலையைவிட அரை இஞ்ச் சின்னதாகிவிட்டால் பந்தியில் உட்காரமாட்டார்கள். இந்தக் காதுகுத்தில் மாமனாக வந்தவர் அடுத்த மாதம் கிரகப்பிரவேசத்தில் மச்சானாக வருவார் என்பதால், ஒரு முகத்தையும் அழிக்கமாட்டேன். ‘மாமா’ என்று ஒரே ஃபோல்டர். அதில் ஜில்லாவில் பாதி ஆண்கள் வேட்டி சட்டையோடு கும்பிட்டுக்கொண்டு கிடந்தார்கள்.

அந்த கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்தது. ஒரு மீசையை இழுத்து வைத்தால், அது போய் உதட்டின்மேல் உட்காருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். இரண்டு தடவை ஃபார்மட் அடித்தேன். மெமரி கூட்டினேன். அப்புறம் முதலாளியிடம், இது கிழட்டு மெஷின், புதுசு வாங்குங்கள் என்று தினமும் ஓதினேன். ஒருநாள் ஐம்பத்திரண்டு முகம் உள்ள பேனரைச் சேவ் செய்யும்போது எல்லாம் உறைந்து நின்றது. வாசலில் பேனர் வாங்க வந்த பார்ட்டி நிற்கிறது. முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார்: “மாப்ள, தப்பு மெஷின்ல இல்ல, ஒங்கிட்டன்னு தெரிஞ்சுச்சுன்னா, நாளையிலருந்து நீ சாரம் ஏறி பேனர் கட்டப் போ. சிஸ்டத்துக்கு வேற ஆளு பாத்துக்கிறேன்.” ஸ்டூலில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். அதைவிட, சொன்ன கையோடு அவர் கையெடு அண்ணனுக்குப் போன் போட்டார். அதில்தான் வயிறு எரிந்தது.

வந்தார். “கையெடுங்க தம்பி” என்றார். எடுத்தேன். முதலாளி அவருக்குக் கண்ணாடி கிளாஸில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். மூன்று வருஷமாக எனக்குப் பேப்பர் கப் டீதான். மனுஷன் ஒன்றுமே செய்யாமல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கும் பிடிபடக்கூடாது என்று திருப்பரங்குன்றத்து முருகனை மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். விளக்கு மினுக்கியது, மினுக்கியது, நிற்கவே இல்லை. ஒருமணி நேரம் கழித்து, எந்த புரோகிராம் டிஸ்க்கை அதிகம் தின்கிறது என்று காட்டுகிற பட்டியலை என்னையே திறக்கச் சொன்னார். திறந்தேன்.

முதல் வரியில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கரண்ட் போய் ஒரு கல்யாண பேனர் அழிந்து முதலாளியிடம் வசை வாங்கினேன். அன்று நானே ஒரு காப்பு புரோகிராம் போட்டு வைத்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ‘மாமா’ ஃபோல்டரை முழுக்க அப்படியே பக்கத்து டிஸ்க்குக்குக் காப்பி எடுக்கும். அப்போது மாமன்கள் கொஞ்சம்தான். இப்போது கூட்டம் பெருகி, ஒரு காப்பி முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. இதில் பெரிய கூத்து, இரண்டு தடவை ஃபார்மட் அடித்தபோதும் நான் முதல் வேலையாகப் போட்டது இதே புரோகிராமைத்தான். பேயை விரட்டிவிட்டு, நானே வெற்றிலை பாக்கு வைத்து மறுபடி அழைத்திருக்கிறேன்.

‘மாமா’ ஃபோல்டர் ஓயாமல் காப்பியாகிக்கொண்டிருப்பதை அண்ணன் திரையில் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதலாளி வாசலில் பார்ட்டியைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் போதும், என் நாற்காலி போச்சு.

“கட சாத்துறப்ப ஒரு தடவ காப்பி எடுத்தாப் போதும் தம்பி. மாத்திருங்க” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மாற்றினேன். விளக்கு அடங்கியது. ஐம்பத்திரண்டு பேரும் மீசையோடு டக்கென்று வந்து நின்றார்கள். முதலாளி ஓடி வந்து என்ன கோளாறு என்று கேட்டார்.

“உள்ள ஒரு வேலை ஓயாம ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒங்க தம்பியே கண்டுபிடிச்சுட்டாரு. நான் சும்மாதான் ஒக்காந்திருந்தேன்” என்றார் அண்ணன். அதில் ஒரு வார்த்தையைக்கூடப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

முதலாளி என் முதுகில் தட்டினார். எனக்கும் கண்ணாடி கிளாஸில் பருத்திப்பால் வந்தது. குடிக்காமல் ஓரமாக வைத்தேன். திறமையில் தோற்றால் நாலு நாள் புலம்பிவிட்டு மறந்துவிடலாம். இது வேறு தோல்வி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெருவுக்கே கேட்கும்படி சொல்லிச் சிரித்திருப்பேன்.

முதலாளி சொன்னதால் அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஸ்டாப்பில் நின்றபோது, ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க என்று கேட்டே விட்டேன். கொஞ்சம் கடுப்போடுதான் கேட்டேன்.

“நான் இன்னைக்கு வந்தேன், போறேன். நீங்கதான தெனமும் அது முன்னாடி ஒக்காரணும்? ஒங்க பேச்சுக்கு மதிப்புப் போச்சுன்னா அப்புறம் எம்புட்டு நல்ல மெஷின் வாங்கி வச்சாலும் அந்தக் கடையில ஓடாது தம்பி” என்றார். கல்லுப்பட்டி பஸ் வந்தது. துண்டை உதறி ஜன்னலோரமாக உட்கார்ந்து, பேப்பரைப் பிரித்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

அவரைப் பற்றி இன்றுவரை யாரிடமும் நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. வாயைத் திறந்தால் வயிற்றெரிச்சல்தான் முதலில் வரும். ஆனால் அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. முதலாளியிடம் நம்பரை வாங்கி, தெருவுக்கு வந்து நின்று, “அண்ணே, வீடு போய்ச் சேந்துட்டீங்களா?” என்று போன் போட்டுக் கேட்டேன். பொறாமைக்காரன் கேட்கிற கேள்வியா அது?