நாக்கு நைனாவும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒழுகாத கட்டடம் கிடையாது. ஆனால், ஒழுகுகிற தண்ணீரை நக்கிப் பார்த்தே அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிற மனிதர் இந்தப் பூமியில் எங்கள் நாக்கு நைனா ஒருவர்தான்.

ராயபுரத்தில் மீன் பதனிடும் கம்பெனி ஒன்றில் நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். குளிர்காற்று போகிற தகர டக்ட்டுகளும் குழாய்களும் எங்கள் மொட்டை மாடி முழுக்க ஓடும். குளிர் வெளியே போகாமல் இருக்க அவற்றின்மேல் கண்ணாடிப் பஞ்சு சுற்றி, மழை உள்ளே இறங்காமல் இருக்க அதற்கும் மேலே கறுப்பு ரப்பர் ஷீட்டைப் பசை போட்டு ஒட்டவேண்டும். அந்த ஷீட் வேலைக்கு நைனாதான் கான்ட்ராக்ட். மேல் ஷீட், கீழ் ஷீட்டின்மேல் நாலு விரல் ஏறி உட்காரவேண்டும் என்பது அவருடைய சட்டம். விரல் என்றால் அவர் விரல். என் விரலால் அளந்தால் ஐந்தரை வரும். ஒட்டிய இடத்தை அழுத்தித் தேய்க்கக் கம்பெனி இரும்பு உருளை கொடுத்திருந்தது. அதை அவர் தொட்டதே இல்லை. வீட்டிலிருந்து பூரிக்கட்டை கொண்டுவருவார். நெட்டுக்குப்பத்தில் அவர் வீட்டில் பூரி சுடுகிறார்கள் என்றால், இங்கே அன்று வேலை இல்லை என்று அர்த்தம்.

எங்கேயாவது சொட்டினால் ஏணியில் ஏறுவார். சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். கடல் காற்றில் எங்கள் மாடி முழுக்க உப்பு படிந்திருக்கும். அதனால் மழைத் தண்ணீர் ஷீட்டுக்குள் புகுந்து வந்தால் கரிக்கும். குளிர்ந்த தகரம் வேர்த்துச் சொட்டுகிற தண்ணீர் சப்பென்று இருக்கும். உப்பு என்றால் தன் தப்பு, சப்பு என்றால் ஏசிக்காரர்கள் தப்பு. அவர்கள் சண்டைக்கு வருவார்கள். பிரித்துப் பார்த்தால் நைனா சொன்னதுதான் இருக்கும். தன் வேலையையே இரண்டு முறை உப்பு என்று சொல்லிப் பிரித்து ஒட்டியிருக்கிறார்.

போன வருஷம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. வேலைக்குத் திரும்பிய வாரத்தில், டீ போட்டவர் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார். எட்டுப் பேர் துப்பினோம். நைனா மட்டும் முழுசாகக் குடித்து முடித்து, "டீ சோக்கா கீதுபா" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

ஐப்பசி மழையில், பேக்கிங் ஹாலில் மீன் பெட்டிகள்மேல் சொட்ட ஆரம்பித்தது. மேனேஜர் கொதித்துப் போனார். மழைத் தண்ணீராக இருந்தால் நைனாவுக்கு இன்றோடு கணக்கு முடிந்தது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நைனா ஏறினார், விரலை நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார். வழக்கமாக மூன்று விநாடி ஆகும். அன்று ஒரு நிமிஷம் ஆயிற்று. 'வேர்வை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நாக்கை எதிர்த்துப் பேச அங்கே ஆள் கிடையாது. சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்து மேனேஜர் எதிரில் நின்றார்.

"நாக்கு செத்துப்போச்சு சார். காய்ச்சலுக்கு அப்பால ஒண்ணியும் தெரில. சூப்பர்வைசர் தம்பி பாத்து சொல்லட்டும்."

நான் ஏறினேன். மீன் வாடையும் தூசியுமாக ஒரு சொட்டு. நாக்கில் வைத்ததும் கரித்தது. சப்பு என்று சொல்ல என் வாய் தயாராகிவிட்டது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புன்னா உப்புன்னு சொல்லு தம்பி" என்றார் மெதுவாக.

சொன்னேன். அந்த நிமிஷம் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் நைனா பூரிக்கட்டையோடு மாடி ஏறிவிட்டார். கொட்டுகிற மழையில் மண்டியிட்டு, ஒட்டு ஒட்டாகத் தடவிக்கொண்டே போனார். ஒன்றுகூடப் பிரிந்திருக்கவில்லை. கடைசியில் டக்ட்டின் மூலையில் ஒரு கேமரா நின்றிருந்தது. நாங்கள் ஒழுங்காக வேலை பார்க்கிறோமா என்று கண்காணிக்க மேனேஜர் அதற்கு முந்தின மாதம் மாட்டச் சொன்னது. அதன் நாலு ஸ்க்ரூவும் நைனாவின் ஷீட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தன. குடையோடு பின்னாலேயே வந்த மேனேஜர் அதைப் பார்த்தார். கேமராவும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நைனா கேமராவைக் கழற்றி வைத்தார். சட்டையைக் கழற்றி ஈரத்தைத் துடைத்தார்.

"சார், அந்தக் கொடைய இப்டி புடி. நனைஞ்சா பசை ஒட்டாது" என்றார்.

மேனேஜர் அரை மணி நேரம் குடை பிடித்தார். நைனாவை அனுப்புகிற பேச்சு அதோடு நின்றது. அதற்குப் பிறகு சொட்டு விழுந்தால் ஏணி ஏறுவது நான், கண்ணை மூடுவது மட்டும் பழக்கதோஷத்தில் அவர்.

போன ஞாயிற்றுக்கிழமை நெட்டுக்குப்பத்துக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் மனைவி, மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் மீன் குழம்பு அவர் கைவேலை. நாக்கு இன்னும் திரும்பவில்லை. எனக்குப் பரிமாறிவிட்டு, தன் தட்டைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு சரியா கீதா தம்பி?"

வாயில் வைக்க முடியாத உப்பு. முகம் கோணாமல் விழுங்கினேன்.

"சரியா கீது நைனா" என்று சொல்லி, இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.