சப்பாத்துக்கு ஏணிக்கட்டு

சிலருக்கு வாலிபம் முகத்தில் பருவாக வரும். சிலருக்குத் தலையில் சுருளாக வரும். எனக்குக் காலில் வந்தது, வெள்ளைக் கேன்வஸ் சப்பாத்தாக.

எழுபதுகளின் ஆரம்பம். புளத்கொகுபிட்டிய டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தேன். படுக்கையும் கடைக்குப் பின்னாலேயே. அரிசிக்கே வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்துப் பையன்களில் வெள்ளைச் சப்பாத்து போட்டவன் நான் ஒருவன்தான். போட்டதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கு லேஸ் கட்டுவதில் ஒரு கலை இருக்கிறது என்று பக்கத்து பேக்கரி சுனில் எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சுனில் வொலிபோல் ஆடுகிறவன். பாணுக்கு மாவு பிசைகிற நேரம் போக, மீதி நேரமெல்லாம் சப்பாத்தைப் பற்றியே பேசுவான். குறுக்கும் மறுக்குமாக லேஸ் கோப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காம். படுக்கைக் கோடு கோடாகக் கட்டுவது ஓட்டக்காரர்களுக்காம். வலை மாதிரிப் பின்னுவது ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஏணிக்கட்டு: இரண்டு பக்கமும் லேஸ் செங்குத்தாக ஏறும், நடுவில் படிப்படியாகக் குறுக்குக் கம்பிகள். முடிச்சை உள்ளே தள்ளி, சப்பாத்தின் நாக்குக்கு அடியில் ஒளித்துவிட வேண்டும்.

“முடிச்சு தெரிஞ்சா சோக் இல்ல, மச்சாங்,” என்பான். சோக் என்றால் அவன் பாஷையில் அழகு, எடுப்பு, எல்லாம்.

நான் சேலை மடிக்க வேண்டிய நேரத்தில் ஏணி கட்டிப் பழகினேன். (ஒரு நாள் முதலாளி ஒரு மாமிக்குப் பட்டுச் சேலை விரித்துக் காட்ட, உள்ளேயிருந்து என் இடதுகால் சப்பாத்து விழுந்தது. அந்த மாமி அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை.)

தோட்டத்து ஆட்களை இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வருஷம் என் கூடப்பிறந்த பொன்னக்காவுக்கும் இந்தியா போகப் பத்திரம் வந்தது. அக்காவுக்கும் மச்சானுக்கும் அவர்கள் மகள் ஐந்து வயது சாந்திக்கும். என் பெயர் அதில் இல்லை. அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தது அக்காதான். ரப்பர் பால்வாளி தூக்குகிற கையோடு என்னையும் தூக்கிக்கொண்டு மலை ஏறினவள். புறப்படுவதற்கு முந்தின வாரம் கடைக்கே வந்து, ஒரே ஒரு விஷயம் கேட்டாள்.

“லாரி ஏறறதுக்கு முந்தி கோயில்ல தேங்கா ஒடைக்கிறோம். நீ எம்பக்கத்துல வந்து நில்லுடா. அம்மா இருந்தா நின்னிருப்பாங்க.”

அக்கா என்னைத் தனியாக விட்டுப் போகிறோமே என்று உருகிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. (என் வாழ்க்கையில் யோசனை வந்த நாட்களெல்லாம் கெட்ட நாட்கள்தான்.) சப்பாத்துக் காலோடு போய் நின்றால், தம்பி பிழைத்துக்கொள்வான் என்று அக்கா நிம்மதியாகப் போவாள். அதற்கு ஏணிக்கட்டுதான் சரி.

அன்று காலையில் வெளிச்சம் வந்ததும் கட்ட உட்கார்ந்தேன். வலதுகாலில் ஒரு படி கோணிவிட்டது. அவிழ்த்தேன். இடதை வலதுக்குப் பொருத்தமாக மாற்றினேன். பிறகு வலது பிடிக்கவில்லை. ஒருவழியாக இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி அமைந்தபோது, பஸ் போய்விட்டிருந்தது.

ரப்பர் மரங்களுக்கு நடுவே குறுக்கு வழியில் ஓடினேன். பாதி வழியில் மழை பிடித்தது. ரப்பர் காட்டில் மழை பெய்தால் அட்டைகளுக்குத் திருவிழா. கோயில் படிக்கட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது வெள்ளைச் சப்பாத்து செம்மண் நிறத்திலும், அதன் நடுவில் ரத்த நிறத்திலும் இருந்தது. உள்ளே எல்லாரும் கூடிவிட்டார்கள். பூசாரி மணி அடித்துக்கொண்டிருந்தார்.

சப்பாத்தோடு கோயிலுக்குள் போக முடியாது. படியில் உட்கார்ந்து கழற்றப் பார்த்தேன். நனைந்த லேஸ் ஊறி இறுகிப்போய், நாக்குக்கு அடியில் ஒளித்த முடிச்சு எனக்கே கிடைக்கவில்லை. விரலை விட்டுத் தோண்டினேன். காலைத் தூக்கி வாயால் கடித்து இழுத்தேன். சாந்தி வெளியே வந்து என் முன்னால் குந்திக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

மச்சான் வந்தார். இடுப்பில் பால் வெட்டுகிற கத்தி இருந்தது, அன்றைக்குக்கூட. குனிந்து பார்த்துவிட்டு, வெட்டிவிடட்டுமா என்று கேட்டார்.

“வேணாங்க மச்சான்,” என்றேன். “புது லேஸு.”

இந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனையோ முறை விழுங்கப் பார்த்திருக்கிறேன். தொண்டையிலேயே நிற்கிறது.

மச்சான் சாந்தியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கற்பூரம் ஏற்றியபோது அக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. “வாடா தம்பி,” என்றாள். “இதோ வந்துர்றேங்க்கா,” என்றேன். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. வலதுகால் சப்பாத்து கழன்றுவிட்டது. இடது அசையவில்லை.

லாரி கோயிலுக்குப் பின்பக்கம், ஸ்டோர் ரோட்டில் நின்றது. மழை வலுத்ததால் டிரைவர் ஹாரன் அடித்து அவசரப்படுத்தியிருக்கிறான். எல்லாரும் பின்வழியாகவே இறங்கிவிட்டார்கள். நான் பின்னாலேயே வந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தேன். லாரி கிளம்புகிற சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் சேறுமாகக் கோயிலைச் சுற்றி ஓடினேன். வளைவில் லாரியின் பின்பக்கம் தெரிந்தது. தார்ப்பாய்க்கு வெளியே ஒரு கை நீண்டிருந்தது. அது அக்காவின் கைதான் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறேன். மழைக்குத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்ட யாரோ ஒருவர் கையாகவும் இருக்கலாம்.

பூசாரி வீட்டு அரிவாளால் அந்த லேஸை அன்றைக்கே அறுத்தார்கள். ஒரு நொடி வேலை.

அதற்குப் பிறகு நான் செருப்புத்தான் போடுகிறேன். கல்யாணத்துக்கும் செருப்புத்தான். எங்கள் வீட்டில் யாராவது தாமதமாக வந்தால், “ஏணி கட்டிட்டு வாறாரு” என்பார்கள். அந்தக் கேலியை ஆரம்பித்து வைத்தவள் என் மனைவி. நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அக்கா என்ன நினைத்துக்கொண்டு போனாள் என்று மட்டும் தெரியாது. நான் இந்தியா போகவும் இல்லை, அவள் திரும்பி வரவும் இல்லை.

போன வருஷம் சாந்தி கதிர்காமம் போக வந்தவள், விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். நரைத்த தலையோடு வாசலில் நின்றவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அக்கா காலமாகி நான்கு வருஷமாம். கோத்தகிரியில் தேயிலை பறித்தே கடைசி வரைக்கும் இருந்தாளாம். அங்கே யாராவது, உனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லையா என்று கேட்டால், அக்கா சிரித்துக்கொண்டே ஒரே பதிலைத்தான் சொல்வாளாம். சாந்தி அதை அக்காவின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

“தம்பி ஒருத்தன் இருக்கான். கோயில் வாசல்ல சப்பாத்து கழட்டிக்கிட்டு இருக்கான். வந்துருவான்.”