சேவலுக்கு மட்டும் போட்ட திட்டம்

படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். விலங்கியலில் எம்.எஸ்ஸி. படித்த நான் கோழியைக் கெடுத்தேன்.

பூதலூர் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் என் மனைவி மல்லிகா நாட்டுக்கோழி வளர்த்தாள். குள்ளம், பரம சாது, அடை வைத்தால் ஒரு முட்டை வீணாகாது. அந்தச் சமயம் ஐயனாருக்கு நேர்ந்துவிட வாட்டசாட்டமான சேவல் கிடைக்காமல் ஊரே அலைந்தது. எனக்குள் விஞ்ஞானி விழித்துக்கொண்டான். (தூங்கவிட்டிருக்கலாம்.) குஞ்சு பொரிக்கும் ஒவ்வொரு ஈட்டிலும் இருப்பதிலேயே நெட்டையான, முரட்டுச் சேவலை மட்டும் இனவிருத்திக்கு விடுவது, மற்றதைக் குழம்பு வைப்பது என்று முடிவு செய்தேன்.

"கோழியை நான் தொடவே மாட்டேன். அது பாட்டுக்கு முட்டை வைக்கும்" என்றேன்.

"பொட்டைக் குஞ்சுக்கும் அந்தச் சேவல்தானேங்க அப்பன்?"

"எம்.எஸ்ஸி. படிச்சது நீயா, நானா?"

நாலு வருஷம் ஒற்றைக்காலில் நின்றேன். சேவல்கள் வளர்ந்தன. கோழிகளும் கூடவே வளர்ந்தன. அதுகளுக்கும் காலில் முள், கண்ணில் வெறி. போகப்போகச் சரியாகிவிடும் என்று விடாமல் சாதித்தேன்.

மல்லிகாவின் தங்கை சுமதி கோழி வளர்க்க ஆசைப்பட்டாள். பதினைந்து குஞ்சு தருவதாக வாக்குக் கொடுத்து மல்லிகா அடை வைத்தாள். பொரிக்கிற நாளில் சுமதி திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கூடையோடு வந்துவிட்டாள். நான் பெருமையாகக் கூண்டைத் திறந்தேன். அடைக்கோழி என் நெஞ்சில் ஏறி மிதித்தது. நான் வைக்கோலில் கிடந்தேன், வேட்டி கோழியிடம் இருந்தது.

"அத்தான், குஞ்சு அப்புறம். முதல்ல வேட்டியைக் கட்டுங்க!" என்றாள் சுமதி.

உள்ளே பதினைந்து முட்டையும் கோழியின் கனத்தில் நசுங்கிக் கிடந்தன. மல்லிகா அழுதேவிட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சேவலுக்கும் கோழிக்கும் மரபணு பெரும்பாலும் பொதுச்சொத்து. உயரமும் முரட்டுத்தனமும் ஆணா பெண்ணா என்று விசாரித்துக்கொண்டா உள்ளே போகும்? சேவலை மட்டும் நெட்டையாக்கிக் கோழியைக் குள்ளமாகவே விட இயற்கைக்கே எத்தனையோ தலைமுறை பிடிக்கும். இதைப் பரீட்சையில் நானே எழுதியிருக்கிறேன். (நல்ல மார்க்.)

போன வாரம் என் மகள், அறுவடை மெஷின் ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் விடமாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தாள். "இந்தப் பிடிவாதம் யாருகிட்டேருந்துடி இவளுக்கு வந்துச்சு?" என்று கத்தினேன்.

மல்லிகா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "யாருக்குத் தெரியும்? நீங்கதான் கோழியைத் தொடவே இல்லையே."